கராபுரித் தீவும் ஒரு பெட்ரோல் கேனும்

மும்பையில் குடியேறி வாழும் நம்மவர்களுள் பெரும்பாலோர் கடலைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. மாட்டுங்காவில் பூக்கடைத் தெருவையும் கோவிலையும் சுற்றி வாழ்க்கை கழிகிறது. தாராவியில் தொழில் விட்டால் வீடு, வீடு விட்டால் தொழில். செம்பூரிலோ ஞாயிற்றுக்கிழமை வந்தால் துணி துவைக்கவும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவுமே பொழுது போதவில்லை. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் இருபது ஆண்டுகள் இருந்தும் படகில் ஏறாதவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று சென்ற பனிக்காலத்தில் மூன்று குடும்பத்தார் கூடித் தீர்மானித்தோம். அவ்வாறு போன பயணத்தில் நாங்கள் கண்டவற்றையும், கற்றுக்கொண்ட ஒரு பாடத்தையும் நேயர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் செல்ல விரும்பிய இடம் எலிபெண்டா என்று வெள்ளைக்காரர் பெயரிட்ட கராபுரித் தீவு. கேட்வே ஆப் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவு. பொது லாஞ்சில் போனால் ஒரு மணி நேரத்தில் சென்று சேரலாம். ஆனால் எங்களுக்கு ஆசை பெரிதாக இருந்தது. தீவை ஒருமுறை வலம் வந்து, எதிர்க்கரையிலுள்ள மோரா துறையையும் பார்த்துத் திரும்ப வேண்டும் என்று எண்ணி, சிறிய மோட்டார்ப் படகு ஒன்றை நாள் வாடகைக்குப் பேசினோம். பெரியவர்கள் ஐவர், பிள்ளைகள் மூவர். தாராவியிலிருந்து வந்த ஆச்சியும் அந்த ஐவருள் ஒருவர்.

படகைச் செலுத்துபவர் அறுபதைத் தாண்டிய கோளி மீனவர். அவரைத் துறையில் எல்லோரும் 'தாண்டேல்' என்று அழைத்தனர். நம் சோழமண்டலக் கரையில் படகுத் தலைவனைத் 'தண்டையல்' என்று சொல்வது ஆச்சிக்கு நினைவு வந்தது. சொல் ஒன்றாக இருக்கக் கண்டதும் அவருக்குத் தாண்டேல் மீது ஒரு சொந்தம் பிறந்துவிட்டது. நாங்கள் அவரைக் 'காகா' என்றோம். அவர் எங்களை இவ்வூர் வழக்கப்படி 'அண்ணா' என்றார்.

முதல் நாளே காகா ஒரு செய்தி சொல்லியிருந்தார். இயந்திரத்தோடு இணைந்த தொட்டி 25 லிட்டர் கொள்ளும். கராபுரிக்குப் போய்வர அது தாராளம். ஆனால் தீவைச் சுற்றி மோராவுக்கும் போவதானால் போதாது. தீவில் பெட்ரோல் பங்க் கிடையாது. ஆகையால் இன்னும் 20 லிட்டர் கையில் வேண்டும் என்பது அது. அவர் தாமே கொண்டுவருவதாகச் சொன்னார். காசு மிச்சமாகும் என்று நாங்கள்தாம் "நாங்களே வாங்கி வருகிறோம்" என்று முந்திக்கொண்டோம்.

செம்பூர் நண்பரிடம் குடிநீர் வைக்கும் பிளாஸ்டிக் கேன் ஒன்று இருந்தது. விடியற்காலை பங்கில் அதைக் கழுத்துவரை நிரப்பினோம். பங்க் ஊழியர் தயங்கத்தான் செய்தார். எப்படியோ பேசிச் சரிக்கட்டினோம். ரயிலில் பெட்ரோல் எடுத்துச் செல்லக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். எங்களுள் ஒருவருக்கு ரயில்வே பார்சல் ஆபீசில்தான் குமாஸ்தா உத்தியோகம். ஆதலால் கேன் நண்பரின் காரில் வந்தது. மாட்டுங்காக்காரர்கள் மத்திய ரயில்வேயிலும், தாராவிக்காரர்கள் சயான் வந்து அதே பாதையிலும் ஏறிச் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் இறங்கி, பஸ் பிடித்துக் கேட்வேயை அடைந்தோம்.

1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திறங்கியதன் நினைவாகக் கட்டப்பட்டு 1924-ல் திறக்கப்பட்ட அந்த வாயிலின் கீழ்ப் புறாக்கள் பறந்துகொண்டிருந்தன. படியோரம் படகுகள் அசைந்துகொண்டிருந்தன. காகா முதலில் எல்லோருக்கும் உயிர்காப்புச் சட்டை கொடுத்தார். 2024 டிசம்பர் 18-ஆம் தேதி இதே கராபுரிப் பாதையில் கடற்படையின் வேகப்படகு மோதிப் பயணிகள் படகு மூழ்கிப் பலர் மாண்ட செய்தியை யாரும் மறக்கவில்லை. ஆதலின் ஒருவரும் மறுப்புச் சொல்லாமல் அணிந்துகொண்டோம். அவர் நங்கூரக் கயிற்றைச் சரிபார்க்கப் போன நேரத்தில், கொண்டுவந்த கேனை எங்கே வைப்பது என்ற கேள்வி எங்களுக்குள் எழுந்தது. வெயிலும் கடல்நீரும் படாத இடம் என்று யோசித்து, படகின் அணியத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய சிறு அறைக்குள், பலகைக்குக் கீழே தள்ளி, மேலே துணிப்பைகளை அடுக்கினோம். அதே பலகையின் மேல் ஆச்சியும் பிள்ளைகளும் நிழலுக்காக அமர்ந்தனர். மிகவும் பத்திரமாக வைத்துவிட்டதாக எங்களுக்குத் திருப்தி.

படகு புறப்பட்டது. கடற்காற்று முகத்தில் பட்டதும் எல்லோருக்கும் உற்சாகம். கால் மணி நேரம் கழிந்திருக்கும். ஆச்சி மட்டும் முகம் சுளித்தார். "ஏல, என்னமோ எண்ணெ வாடை அடிக்கி. தல கிறுகிறுங்கு" என்றார். படகென்றால் எண்ணெய் வாடை இருக்கத்தான் செய்யும் என்று சமாதானம் சொன்னோம். பிள்ளைகளுள் ஒருத்தியும் வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். அலையில் அப்படித்தான் இருக்கும் என்றோம். செம்பூர் நண்பர் அவர்களுக்குச் சூடாகக் காப்பி கொடுத்தால் தெளியும் என்று, தாம் கொண்டுவந்திருந்த கையடக்கமான காஸ் அடுப்பை எடுத்துப் பலகை மேல் வைத்தார். லைட்டரைக் கையில் எடுத்துவிட்டார்.

காகா போட்ட கூச்சலில் லைட்டர் அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. நல்லவேளையாக அது பற்றவில்லை.

அடுத்த கணம் இயந்திரம் நின்றது. யாரும் எதையும் தொட வேண்டாம், கைப்பேசியைக்கூட எடுக்க வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கப்பல் போகும் பாதையிலிருந்து ஒதுங்கிய இடமாகப் பார்த்து நங்கூரமிட்டார். தார்ப்பாயை முழுவதும் சுருட்டினார். ஆச்சியையும் பிள்ளைகளையும் காற்று வரும் பக்கமாக உட்கார்த்தினார். பைகளை நீக்கிப் பார்த்தால், கேன் வயிறு உப்பி நின்றது. மூடியின் ஓரத்தில் பெட்ரோல் கசிந்து பலகை நனைந்திருந்தது. அடிப்பலகையைத் தூக்கியதும், படகின் அடிவயிற்றில் தேங்கியிருந்த நீரின் மேல் மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம் மின்னியது. அப்போதுதான் எங்களுக்கு உடல் நடுங்கிற்று. மூன்று பிள்ளைகள் அதன் மேல் கால் மணி நேரம் அமர்ந்திருந்தார்கள்.

நீரை இறைக்கப் படகில் ஒரு மின்பம்பு இருந்தது. அதைப் போடலாமே என்று எங்களுள் ஒருவர் சுவிட்சை நோக்கிக் கை நீட்ட, காகா அதையும் தடுத்தார். சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும் என்றார். பிளாஸ்டிக் குவளையால் அவரே இறைத்து ஒரு வாளியில் சேர்த்தார்; பழந்துணியால் ஒற்றினார்; எல்லாவற்றையும் திறந்து போட்டு அரை மணி நேரம் காற்றாட விட்டார். பிறகு தாமே குனிந்து மூக்கை அடிப்பலகை வரை கொண்டுபோய் மோந்து பார்த்தார். இரண்டாம் முறை மோந்த பின்னரே இயந்திரத்தைத் தொட்டார்.

அந்த அரை மணி நேரத்தில் அவர் சொன்னவையும், திரும்பி வந்த பின் நாங்கள் படித்தறிந்தவையும் சேர்ந்து இங்கே சுருக்கமாகச் சொல்லத் தக்கவை.

பெட்ரோல் தானாக எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. பூஜ்யத்திற்குக் கீழே நாற்பது டிகிரிக் குளிரிலும் அது பற்றத்தக்க ஆவியைக் கொடுக்கும் என்றால், மும்பை வெயிலில் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. சமையற்கட்டில் புகை மேலே போவதைக் கண்டு பழகிய நாம், இதுவும் மேலே போய்விடும் என்று நினைக்கிறோம். அதுவோ தண்ணீரைப் போல வழிந்து கீழே போய்த் தங்குகிறது. வீட்டில் ஜன்னலைத் திறந்தால் கலைந்துவிடும்; படகோ ஒரு கிண்ணம்; அடியில் தங்கியது தானாக வெளியேற வழியில்லை. மேலே நிற்பவருக்கு வாடை குறைவாகவும், பலகையில் தாழ அமர்ந்த ஆச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அதிகமாகவும் இருந்ததன் காரணம் இதுவே. டீசல் இவ்வளவு எளிதில் ஆவியாகாது. பெரிய லாஞ்சுகள் டீசலில்தான் ஓடுகின்றன.

மேலும், வெப்பம் பத்து டிகிரி கூடினால் பெட்ரோல் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு பெருகும். 20 லிட்டரில் அது 200 மில்லி. விடியற்குளிரில் கழுத்துவரை நிரப்பிய கேன், கார் டிக்கியிலும் தார்ப்பாய்க்குள்ளும் சூடேறியபோது அந்த 200 மில்லி போக இடமில்லாமல் மூடியைப் பிதுக்கிக்கொண்டு வெளிவந்தது. இருபதில் ஒரு பங்காவது, அதாவது 20 லிட்டர் கேனில் ஒரு லிட்டராவது, காலியாக விட்டிருந்தால் இந்தக் கசிவு நேர்ந்திராது.

கேனும் தவறான கேன். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோலை லைசென்ஸ் இன்றி வைத்துக்கொள்ள ஒருவருக்கு இடம் தருகிறது. ஆனால் இறுக மூடிய பாத்திரத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி அல்லது பீங்கானாயின் ஒரு லிட்டருக்கு மேற்படக் கூடாது. உலோகமாயின் 25 லிட்டருக்கு மேற்படக் கூடாது என்று விதிக்கிறது. நாங்கள் கொண்டுபோன அளவு சட்டத்துக்கு உட்பட்டதே. குடிநீர்க் கேன்தான் சட்டத்தில் இல்லாதது.

காகா கேனைத் துடைத்து, மூடியை இறுக்கி, படகின் பின்பக்கத்தில் திறந்த வெளியில், இயந்திரத்துக்கும் பாட்டரிக்கும் எட்ட வைத்து, உருளாதபடி கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கைப் போர்த்தினார். அங்கே கசிந்தாலும் காற்று கொண்டுபோகும் என்றார். 20 லிட்டர் பெட்ரோல் 15 கிலோ எடை. அலையில் அது உருண்டால் காலை முறிக்கும். ஒரு பக்கம் வைத்தால் சிறு படகு சாயும்.

மீண்டும் புறப்பட்டபோது காட்சிகள் வேறு விதமாகத் தோன்றின. வழியில் ஜவாஹர் தீவு என்னும் புட்சர் தீவு. எண்ணெய்க் கப்பல்கள் அங்கே கட்டி நிற்கின்றன. அங்கிருந்து கடலடிக் குழாய்கள் வழியாக எண்ணெய் நம் செம்பூரை அடுத்த மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போகிறது. 1954-லும் 1955-லும் அந்நியக் கம்பெனிகள் தொடங்கிய அவ்வாலைகள், 1974-லும் 1976-லும் நம் அரசாங்கத்துக்கு உரியவை ஆயின. செம்பூரில் இருப்பவர்களுக்கு அவற்றின் புகைபோக்கிச் சுடர் இரவு விளக்கைப் போலப் பழக்கமானது. அத்தனை காவல் உள்ள ஜவாஹர் தீவிலேயே 2017 அக்டோபர் 6-ஆம் தேதி இடி விழுந்து டீசல் தொட்டி ஒன்று பற்றிக்கொண்டது. அதை அணைக்கச் சில நாட்கள் பிடித்தன.

வடக்கே துறைமுகப் பளுத்தூக்கிகள் தெரிந்தன. அங்கே விக்டோரியா டாக்கில் 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்னும் கப்பல் வெடித்ததைப் பழைய தலைமுறையினர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சுமார் 1400 டன் வெடிப்பொருள் ஏற்றியிருந்த அக்கப்பலில், கராச்சியில் பஞ்சுப் பொதிகளையும் ஏற்றினார்கள்; எண்ணெய்ப் பீப்பாய்களும் இருந்தன. பஞ்சில் பிடித்த நெருப்பு வெடிப்பொருளை எட்டியபோது மாலை மணி நான்கு கடந்து ஆறு நிமிடம். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அறுபதுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் உயிர் கொடுத்தனர். அந்த நாளையே இன்றும் தேசம் தீயணைப்புப் பணி நாளாகக் கொள்கிறது. பஞ்சும் வெடிப்பொருளும் அடுத்தடுத்து வைக்கப்பட்டதே அந்தப் பேரழிவுக்கு வழி வகுத்தது. எங்கள் சிறு படகில் பெட்ரோலையும் அடுப்பையும் பிள்ளைகளையும் ஒரே பலகையில் வைத்ததை எண்ணித் தலைகுனிந்தோம்.

கராபுரியில் ராஜ்பந்தர் துறையில் இறங்கினோம். படிகளேறிக் குகைக் கோவிலின் மும்முகச் சிவனைக் கண்டோம். ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரம். கண்கள் மூடிய நடுமுகத்தின் அமைதியைச் சொல்ல எங்களுக்கு வார்த்தை போதாது. 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ போற்றும் இடம் இது. ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் கைகூப்பி நின்றார். எதற்காக நின்றார் என்று நாங்கள் கேட்கவில்லை.

தீவில் ராஜ்பந்தர், சேட்பந்தர், மோராபந்தர் என்று மூன்று சிற்றூர்கள். மும்பையின் விளக்குகள் கண்ணெதிரே எரிய, 2018 பிப்ரவரி வரை இவ்வூர்களுக்கு மின்சார இணைப்பு இல்லை. மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும். அதற்கான டீசல் படகில்தான் வரவேண்டும். அதன் பின்னர்த்தான் ஏழரைக் கிலோமீட்டர் நீளக் கேபிள் கடலடியில் இடப்பட்டு மின்சாரம் வந்தது. தம் ஊர்ப் பிள்ளைகளின் படிப்பு விளக்குக்காக அத்தனை காலம் எண்ணெய் சுமந்த துறை இது என்று அறிந்தபோது, எண்ணெயைக் கடலில் கொண்டுபோவதே தவறு என்று சொல்ல வாய் வரவில்லை.

நம் ஊர்ப் பக்கத்திலும் அப்படித்தானே? கன்னியாகுமரிக் கரையில் வெளிப்பொருத்து மோட்டார் வைத்த வள்ளங்கள் மண்ணெண்ணெய் சுமந்து போகின்றன. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் ஒரு மாதம் போலக் கடலிலேயே தங்கி, அரபிக் கடலில் வெகுதூரம் செல்பவர்கள். அத்தனை நாளைக்கும் டீசலைத் தம்முடனேதான் கொண்டுபோக வேண்டும். மிகுதி எரிபொருள் இல்லாமல் போனவன் இயந்திரம் நின்ற படகில் நீரோட்டத்தின் கையில் அகப்படுகிறான். ஆகவே கொண்டுபோகத்தான் வேண்டும். கொண்டுபோகும் முறை தெரிய வேண்டும்.

காகாவின் கணக்கு எளியது. உள்ள எரிபொருளை மூன்று பங்காக்க வேண்டும்: போக ஒன்று, வர ஒன்று, தொடாமல் வைக்க ஒன்று. எங்களிடம் இருந்த 45 லிட்டரில் அது பதினைந்து பதினைந்தாக ஆகிறது. மும்பைத் துறைமுகத்தில் ஏற்றவற்றம் சில நாட்களில் நான்கு மீட்டருக்கும் மேல். எதிர்நீரிலும் எதிர்காற்றிலும் திரும்பும் வழி போன வழியைவிட அதிகம் குடிக்கும். மூன்றாம் பங்கு அதற்காக.

கேனிலிருந்து தொட்டிக்கு மாற்றுவதைக் கடலில் அவர் செய்யவில்லை. துறையில் எல்லோரும் இறங்கிய பின், இயந்திரம் ஆறிய பின், தொட்டியைக் கழற்றித் தரையில் வைத்து, வடிகட்டியுள்ள புனலால் மெல்ல ஊற்றினார். தரையில் வைப்பதால் உராய்வில் எழும் மின்பொறி அடங்குகிறது. வடிகட்டியால் நீரும் தூசியும் தங்கிவிடுகின்றன. குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் நம்மவரிடை உண்டு. பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து என்று அவர் கடிந்தார். தூள் நிரப்பிய தீயணைப்பான் ஒன்று அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தண்ணீரை ஊற்றினால் பெட்ரோல் அதன் மேல் மிதந்து தீயைப் பரப்பும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

மோராவுக்குப் போகவில்லை. அரை மணி நேரம் போய்விட்டது. நீரும் வற்றத் தொடங்கியது. அங்கே போகாததில் எங்களுக்கு வருத்தமில்லை. வெயில் தாழுமுன் கேட்வே படியில் கால் வைத்தோம். கரையேறியபின் ஆச்சி காகாவின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே ஏதோ சொன்னார். அவரும் மராத்தியிலேயே ஏதோ பதில் சொன்னார். இருவருக்கும் விளங்கிற்று.

இதில் எங்களுக்குப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. ரயிலில் பார்சலாக அனுப்பும் மோட்டார் சைக்கிளின் தொட்டியில் பெட்ரோல் இருக்கக் கூடாது என்பது விதி. பார்சல் ஆபீசில் தொட்டியை அசைத்துப் பார்த்து, "முழுக்க வடித்துவிட்டு வாருங்கள்" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி மதுரையில் சுற்றுலாப் பயணிகள் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரால் ஒன்பது பேர் மாண்டதைப் படித்து, "இப்படியுமா அறிவில்லாமல் செய்வார்கள்?" என்று பேசியவர்களும் நாங்களே. ஆபீசில் தெரிந்த விதி, விடுமுறை நாளில் சொந்தப் பிள்ளைகளோடு படகேறியபோது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, திருநெல்வேலிக்கு வண்டி அனுப்ப ஓர் இளைஞர் வந்தார். ஒரு டம்ளர் அளவுகூட இராது, இதற்குப் போய் இவ்வளவு கெடுபிடியா என்று சலித்துக்கொண்டார். முன்பெல்லாம் விதி என்று ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அன்று அவரை உட்கார வைத்து, தொட்டி மூடியைத் திறந்து மோந்து பார்க்கச் சொல்லி, கராபுரிப் படகின் கதையை முழுவதும் சொன்னோம். அவர் மறுபேச்சின்றி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வடித்துவிட்டு வந்தார்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் அன்பர்கள் இராமேசுவரத்திலோ பிச்சாவரத்திலோ படகேறக் கூடும். இங்கேயே கேட்வேயில் ஏறவும் கூடும். ஏறியதும் அடிப்பலகைப் பக்கம் ஒருமுறை குனிந்து மோந்து பாருங்கள். உடன் வந்த முதியவர் வாடை அடிக்கிறது என்றால், அலை என்று சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள்.